தாய்மாமன் மங்கலாகும் தொலைவு: கல்யாண போட்டோகிராபர் தேர்வு குறித்து ஓர் ஆய்வு

தமிழர் திருமணத்தில் எதைத் தேர்ந்தெடுப்பதற்கும் ஒரு நெறி உண்டு. மணமக்களுக்குப் பத்துப் பொருத்தம் பார்க்க ஜோசியர் இருக்கிறார். சமையல்காரரை எடைபோட, இன்னொரு வீட்டுக் கல்யாணத்தில் அவர் வைத்த வத்தக்குழம்பே போதும். நாதஸ்வரக்காரரைக் கோயில் திருவிழாவில் கேட்டுவிடலாம். பந்தல்காரரின் பந்தல் போன ஐப்பசி மழையில் நின்றதா என்று ஊரே சொல்லும். போட்டோகிராபர் விஷயத்தில் மட்டும் இந்தப் பட்டறிவு எதுவும் எடுபடுவதில்லை. “எத்தனை ஷீட் ஆல்பம்? பெரிய ஃப்ரேம் ஒண்ணு ஃப்ரீயா தருவீங்களா?” என்ற இரண்டு கேள்விகளோடு பெரியவர்கள் தேர்வை முடித்து, முன்பணத்தையும் கொடுத்துவிடுகிறார்கள். இக்குறையைத் தீர்க்கும் பொருட்டே இக்கட்டுரை எழுந்தது என்க.

முதலில் ஆய்வுப் பொருளை வரையறுப்போம். கல்யாண போட்டோகிராபர் என்பவர், தாலி கட்டும் நேரத்தில் மணமக்களுக்கும், அவர்களைப் பார்க்க வெளியூரிலிருந்து பஸ் ஏறி வந்தவர்களுக்கும் நடுவே நிற்பவர். கேமரா வைத்திருப்பது இந்த வரையறையில் அடங்காது. அது இன்று மண்டபத்தில் எல்லோர் கையிலும் இருக்கிறது. புரோகிதரும் நடுவில்தானே இருக்கிறார் என்று கடா எழலாம். அவர் உட்கார்ந்திருக்கிறார், மறைப்பதில்லை, ஆகவே விலக்கு. கெட்டிமேளம் முழங்குகிறது, எழுந்து நின்று அட்சதையை வீசுகிறோம், அது பெரும்பாலும் ஒரு கருப்பு டி-ஷர்ட்டின் முதுகில் போய் விழுகிறது. தாலி ஏறிய செய்தியை ஓரத்தில் வைத்த எல்இடி திரையில் பார்த்துத் தெரிந்துகொள்கிறோம். விருந்தினர் கண்ணில் படும் அவருடைய முதல் படைப்பு, அவர் எடுக்கும் படம் அன்று, அவர் முதுகே.

இதிலிருந்து ஆய்வு முறை தானாகவே கிடைக்கிறது. ஆல்பத்தைப் பார்த்து ஆளைப் பிடிப்பது தவறு. ஸ்டுடியோவில் நம் முன் விரிக்கப்படுவது பல கல்யாணங்களில் பொறுக்கியெடுத்த சிறந்த படங்கள். நம் வீட்டில் நடக்கப்போவதோ ஒரே கல்யாணம். ஒரு கல்யாணத்தின் முழு ஆல்பத்தை, அதுவும் விடியற்காலை நாலரை மணி முகூர்த்தத்தில் டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்ததைக் காட்டச் சொல்ல வேண்டும். அதைவிடச் சிறந்தது களப்பணி. அவர் படமெடுக்கும் கல்யாணத்துக்கே போய்விடுவது. அழைப்பிதழ் இல்லையே என்று தயங்க வேண்டாம். சலவை வேட்டி கட்டிய ஆளைப் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டுக்காரர் என்றும், மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்காரர் என்றும் எடுத்துக்கொண்டு, “டிபன் ஆச்சா?” என்று மட்டுமே கேட்பார்கள்.

மூன்றாவது வரிசை ஓர நாற்காலியில் உட்கார்ந்து முதுகை மட்டும் கவனியுங்கள். முதல் இரண்டு முடிச்சு மாப்பிள்ளை போடுவார், மூன்றாவது நாத்தனார் முடிச்சு. அந்த அக்கா பின்னாலிருந்து குனிந்து வருவதற்கு இடம் விட்டு, ஒரு முழங்காலை மேடையில் ஊன்றித் தன்னைத் தாழ்த்திக்கொள்பவர் தேர்ந்தவர். அவர் முந்தின நாள் ரிசப்ஷனிலேயே அக்கா யாரென்று விசாரித்து வைத்திருப்பார். தேறாதவர் முடிச்சு விழுந்த பிறகுதான் விழித்துக்கொள்வார்: “அக்கா, அப்படியே கையை வைங்க. மாப்ள சார், தாலியை இன்னொரு தடவை பிடிங்க. இங்க பாருங்க.”

இவ்விடத்தில் மேலைநாட்டுக் கொள்கை ஒன்றை மறுத்துச் செல்வது கடமையாகிறது. பிரெஞ்சு நிழற்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் 1952இல் வெளியிட்ட நூலின் ஆங்கிலப் பதிப்பு, தீர்மானமான கணம் என்ற பொருளில் தலைப்பிடப்பட்டது. கணம் ஒரு முறைதான் வரும், கலைஞன் அதற்குக் காத்திருக்க வேண்டும் என்பது அந்தக் கட்சி. நம் மண்டபங்களில் இது செல்லாது. இங்கே கணம் வரும், கூப்பிட்டால் மறுபடி வரும், நடுவில் வாழைமரம் மறைத்துவிட்டது என்றால் மூன்றாம் முறையும் வரும்.

வரலாற்றையும் தொட்டுக்கொள்வோம். 1839இல் பாரிஸில் தகேர் முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. இருபது ஆண்டு முடிவதற்குள், 1858இல், சென்னை மாகாண அரசின் போட்டோகிராபர் லின்னேயஸ் டிரைப் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வந்துவிட்டார். அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். தமிழ் மண்ணில் எடுத்த படங்களில் இவ்வளவு நிறைவானதைக் காண்பதரிது. காரணம் வெளிப்படை. கல்வெட்டு கண் சிமிட்டாது. பக்கத்துக் கல்வெட்டோடு பேசாது. “எனக்கு லெஃப்ட் சைடுதான் நல்லா இருக்கும்” என்று சொல்லாது. மனிதர்கள் பிரேமுக்குள் வந்த பிறகே சிக்கல் தொடங்கியது.

நம் தாத்தா காலத்தில் மணமக்களே ஸ்டுடியோவுக்குப் போனார்கள். கல்யாணம் முடிந்து நாலைந்து நாள் கழித்து, படுதாவில் வரைந்த மாளிகைத் தூணுக்கும் பூந்தொட்டிக்கும் முன்னால் தாத்தா நாற்காலியில் உட்கார, பாட்டி நாற்காலிக் கையைப் பிடித்து நின்றாள். இன்று ‘போஸ்ட் வெட்டிங் ஷூட்’ என்ற பெயரில் தனியாகக் காசு வாங்குவது இதற்குத்தான். அடுத்து பிலிம் காலம். ஊட்டியில் 1960இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் ‘இந்து’ பிலிமும் வெளிநாட்டு வண்ணச் சுருள்களும் புழங்கிய நாட்களில் ஒரு சுருளுக்கு 36 படம். அந்த எண் போட்டோகிராபருக்கு நீதிபதியின் அதிகாரத்தைக் கொடுத்தது. யாருக்கு பிலிம், யாருக்கு வெறும் ஃப்ளாஷ் என்பதை அவர்தான் முடிவுசெய்தார். மேடையேறி மொய்க் கவர் கொடுத்து, மணமக்களோடு நின்று, பளிச்சென்று ஒளி வாங்கி, நிறைவோடு இறங்கிப் போனவர்களில் பலர் எந்தச் சுருளிலும் இல்லை. ஆல்பம் வந்த பிறகு தேடிப் பார்த்தவர்களிடம், “அந்த ரோல்ல லைட் பட்டுருச்சுண்ணே” என்ற விளக்கம் தரப்பட்டது. வெற்று ஃப்ளாஷ் ஒரு மோசடி என்பார் உளர். இக்கட்டுரையாளர் அதை ஏற்கவில்லை. வந்தவருக்கும் மகிழ்ச்சி, வீட்டாருக்கும் செலவில்லை. மெமரி கார்டு வந்ததோடு அக்கலை அழிந்தது.

வீடியோ காலத்தைப் பற்றி ஒன்று மட்டும். பந்தியில் ரசம் சாதத்தைக் குழைத்து உள்ளங்கையில் ஏந்தி, முழங்கை வரை வழியவிடாமல் வாய்க்குக் கொண்டுபோகும் அந்த நேரத்தில்தான் ஹாலஜன் விளக்கு நம் இலைக்கு வரும். விழுங்குவதா, சிரிப்பதா, கையை இறக்குவதா என்று தெரியாமல் நின்ற அந்த முகம் விஎச்எஸ் நாடாவில் நிலைபெற்றது. வெறும் படம் என்றால் எடுத்துப்போடலாம். நாடாவில் அது ஓடிக்கொண்டே இருக்கும், பின்னணியில் இளையராஜா பாட்டோடு.

இனி இக்கட்டுரையின் மையக் கோட்பாட்டுக்கு வருவோம். அது ஒளியியல் சார்ந்தது; ஆயினும் குடும்ப அமைதியின் வேர் அங்கேதான் இருக்கிறது.

இன்றைய மண்டபத்தில் இரண்டு வகை போட்டோகிராபர்கள் உலவுகிறார்கள். ஒருவர் ‘டிரெடிஷனல்’. பேன்ட்டுக்குள் சட்டையை விட்டவர், நடுவில் நிற்பவர், ஃப்ளாஷ் அடிப்பவர். மற்றவர் ‘கேண்டிட்’. தாடி வைத்தவர், தூணுக்குப் பின்னால் நிற்பவர், இரண்டு தோளிலும் இரண்டு கேமரா தொங்கவிட்டவர். முன்னவரின் ஃப்ளாஷ் தன் படத்தைக் கெடுத்ததாகப் பின்னவரும், பின்னவர் தன் பிரேமுக்குள் வந்து நின்றதாக முன்னவரும் வருந்துவர். இருவருக்கும் கட்டணம் தனித்தனி; கேண்டிட்டுக்கு அதிகம். ஏன் அதிகம் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

கேண்டிட்காரர் முழு அளவு சென்சாரில் 85 மி.மீ. லென்ஸை மாட்டி, துளையை எஃப் 1.4க்குத் திறந்து, 2 மீட்டர் தள்ளி நின்று மணப்பெண்ணின் கண்ணைக் குறிவைக்கிறார். அப்போது தெளிவாக விழும் ஆழம், முன்னும் பின்னும் சேர்த்து, 5 சென்டிமீட்டர்கூட இல்லை. கண் துல்லியம். மூக்குத்தி துல்லியம். ஜிமிக்கி ஆடுகிறதா நிற்கிறதா என்பதே தெரியாது. ஜடையில் வைத்துத் தைத்த பூ இருந்த இடத்தில் ஏதோ வெள்ளை. ஓரடி பின்னால் நிற்கும் தாய்மாமன் முழுவதுமாகக் கரைந்துவிடுகிறார். டிரெடிஷனல்காரரோ 35 மி.மீ. லென்ஸில், எஃப் 8 வைத்து, 3 மீட்டரில் நிற்கிறார். அவருக்கு ஏறக்குறைய 2 மீட்டரிலிருந்து 7 மீட்டர் வரை எல்லாமே தெளிவு. மணமக்கள், பெற்றோர், தாய்மாமன், சித்தப்பா, அவருக்குப் பின்னால் கொட்டாவி விடும் பெரியப்பா மகன், பேக்டிராப்பில் ஒரு ஊசி கழன்று தொங்கும் மணமகளின் இனிஷியல் வரை.

ஆக, துளை அகல அகல உறவு சுருங்குகிறது. எஃப் 1.4 என்பது காதல் திருமணத்தின் எண். அதில் இரண்டு பேருக்கே சரியாக இடமில்லை. எஃப் 8 என்பது கூட்டுக் குடும்பம். கேண்டிட் படத்துக்குக் கூடுதல் பணம் எதற்கு என்றால், சொந்தக்காரர்களை அகற்றித் தருவதற்கு. இந்த உண்மை தெரியாமல், சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில் பட்டும் மோதிரமும் மாலையுமாகச் சீர்வரிசைத் தட்டோடு வந்த மாமாவிடம் ஆல்பத்தை நீட்டினால் என்ன ஆகும்? அவர் நாற்பது ஷீட்டையும் புரட்டி, மூடி, “நல்லா இருக்கு” என்பார். அதன் பிறகு அந்த வீட்டில் நடக்கும் காதுகுத்துக்கு அவருக்கு உடம்பு சரியில்லாமல் போய்விடும்.

எனவே தேர்வின்போது கேட்கத்தக்க தலையாய கேள்வி இது: “தம்பி, மாமா சீர் கொண்டுவரும்போது எத்தனைல வச்சு எடுப்பீங்க?” ஐந்தரைக்கு மேல் எந்த எண்ணைச் சொன்னாலும் ஆளை நம்பலாம். “பேக்ரவுண்ட் ப்ளர் செமயா வரும் அங்கிள்” என்று விடை வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

கேண்டிட் என்பதே சொல்லாமல் கொள்ளாமல் எடுப்பதுதானே, அதில் கட்டளைக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். களத்தில் கேட்டவை வேறு. “என்னைப் பார்க்காதீங்க. நான் இல்லன்னு நினைச்சுக்கோங்க. அவங்க காதுல ஏதாவது சொல்லுங்க, அவங்க சிரிக்கட்டும். இல்ல, இவ்வளவு சிரிக்க வேணாம்.” இயல்பாக இருக்கும்படி இத்தனை கண்டிப்பாக ஆணையிடுபவர் புரோகிதர் உட்பட மேடையில் வேறு எவரும் இல்லை. அவரைவிட டிரெடிஷனல்காரர் நேர்மையானவர். போஸ் கொடுக்கச் சொல்லிவிட்டு, போஸ் என்றே அதைச் சொல்கிறார். ரிசப்ஷன் வரிசையை நடத்துவதும் அவர்தான். ஊரில் தலைவர் என்றும் ஐயா என்றும் அழைக்கப்படுகிறவர் மேடை ஏறியதும், “சார், வெள்ளைச் சட்டை, கொஞ்சம் உள்ள வாங்க” என்பார். மேடையில் நிற்கும் ஒன்பது பேரும் வெள்ளைச் சட்டை. ஒன்பது பேரும் உள்ளே வருவார்கள்.

பெண் வீட்டார் ஒரு குழு, மாப்பிள்ளை வீட்டார் ஒரு குழு என்று அமர்த்தும் வழக்கமும் இருப்பதால் எண்ணிக்கையையும் ஆராய வேண்டும். மேடையில் நான்கு கேமராக்கள் இருந்தால், ஒன்றின் படத்தில் இன்னொன்று விழ 12 வழிகள் உண்டு. ஆறானால் 30. மேலே பறக்கும் ஹெலிகேம் இந்தக் கணக்கில் சேராது. அது யார் படத்திலும் விழாது, ஆனால் தன் காற்றால் பந்தல் தோரணத்தையும் ஒரு பெரியம்மாவின் முந்தானையையும் எல்லோர் படத்திலும் விழவைக்கும். இரு வீட்டாரும் பேசி ஒரே குழுவாக வைத்துக்கொள்வது நல்லது. சம்பந்திகள் ஒத்துப்போகும் முதல் விஷயமாக அது அமையலாம். கடைசி விஷயமாகவும் அமையலாம்.

நிறம் பற்றி. மண்டபத்துக் குண்டு விளக்கு ஏறக்குறைய 2800 கெல்வின் மஞ்சள், ஃப்ளாஷ் 5500 கெல்வின் வெள்ளை, டெக்கரேஷன்காரர் வைத்த எல்இடி ஊதா. மூன்றும் ஒரே கன்னத்தில் விழும்போது சரிப்படுத்தத் தெரிந்தவர்தான் தொழில்காரர். இது கைத்திறன் சார்ந்த சிக்கல், மன்னிக்கலாம். மன்னிக்க முடியாதது அடுத்து நடப்பது. பிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் பிரிண்ட் லேப்களுக்கு அனுப்பிய வண்ண ஒப்பீட்டு அட்டையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் இருந்தாள். அட்டைக்கே ஷெர்லி என்று பெயர். அவள் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி. அந்த அட்டை போய்ச் சேர்ந்தது, ஷெர்லி போகவில்லை. அவள் இன்று நம் ஊர் எடிட்டரின் மவுஸில் குடியிருக்கிறாள். மாநிறப் பெண்ணை உள்ளே அனுப்பினால் ரோஜா நிறத்தில் ஒருத்தி வெளியே வருகிறாள். கழுத்துக்குக் கீழே கை மட்டும் பழைய நிறம். பெண்ணைப் பெற்ற தாயே ஆல்பத்தை எட்டப் பிடித்து, “யாரு இது?” என்று கேட்பது நகைச்சுவையன்று. தோலின் நிறத்தைத் தொடக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும். இதில் இக்கட்டுரையாளருக்கு விட்டுக்கொடுக்கும் எண்ணம் இல்லை.

அடுத்து, ஆள் வருவாரா? ஆடியிலும் மார்கழியிலும் ஈ ஓட்டிக்கொண்டிருக்கும் ஸ்டுடியோவுக்கு வைகாசி, ஆவணி வளர்பிறை முகூர்த்தங்களில் ஒரே நாளில் நாலு மண்டபம். நீங்கள் பேசிய மனிதர் ஒருவர், முன்பணம் வாங்கியவர் அவரே, முகூர்த்தத்தன்று கேமராவோடு இறங்குபவர் வேறொரு தம்பி. “அண்ணன் ரிசப்ஷனுக்கு வந்துருவாரு” என்பது அத்தம்பியின் முதல் வாக்கியம். அண்ணன் வருகிறார். சாப்பிட்டுவிட்டு மீதிப் பணம் வாங்கிக்கொண்டு போகிறார். ஆகவே யார் வருவார் என்பதைப் பேரோடு எழுதிக்கொள்க. கேமராவில் இரண்டு கார்டு போடும் வசதி உண்டா, இரண்டிலும் ஒரே சமயத்தில் பதிகிறாரா என்றும் கேட்டுக்கொள்க. ஒரு கார்டு கெட்டால் கல்யாணமே நடக்காத மாதிரி ஆகிவிடும்; புரோகிதரைத் திரும்ப அழைக்க முடியாது.

இத்தனை அளவுகோலும் எதற்கு, கடைசியில் தேர்வு நடப்பது வேறு விதமாயிற்றே என்று கடா எழும். எழட்டும். பெண்ணும் மாப்பிள்ளையும் மூன்று மாதம் இன்ஸ்டாகிராமில் தேடி இருவரைத் தேர்ந்து வைத்திருப்பார்கள். ஒருநாள் காலையில் பெரியப்பா போன் செய்வார்: “நம்ம பையன் ஒருத்தன் இருக்கான்ப்பா. சொல்லிட்டேன்.” நம்ம பையன் என்றால் பெரியப்பாவோடு வேலை பார்த்தவரின் மருமகன். பெரியப்பா சொன்னது சொன்னதுதான். அவரை விலக்கவும் முடியாது, விலையும் பேச முடியாது. முதுகாய்வுக்கு வாய்ப்பே இல்லை. விடை இதுவே: நம்ம பையனை மாப்பிள்ளை அழைப்புக்கும் கார் ஊர்வலத்துக்கும் வைத்துக்கொண்டு, முகூர்த்தத்துக்கு நீங்கள் தேர்ந்தவரை வைத்துக்கொள்க. பெரியப்பா எல்லாப் படத்திலும் எஃப் 8இல் இருக்கும்படி பார்த்துக்கொண்டால் போதும்.

சாப்பாடு பற்றி எந்த ஆய்வாளரும் எழுதுவதில்லை. போட்டோகிராபர் குழு விடியற்காலை மூன்று மணிக்கு மண்டபம் வருகிறது. பெண் அலங்காரம், முகூர்த்தம், பாதபூஜை, குரூப் போட்டோ என்று ஓடி முடிக்கும்போது கடைசிப் பந்தியில் பாயசம் இருக்காது, அப்பளம் நமுத்திருக்கும், வெறும் மோர் சாதத்தோடு எழுவார்கள். ஆல்பத்தின் முப்பதாவது ஷீட்டுக்குப் பிறகு அத்தைகள் எல்லோரும் கண்மூடியும் வாய்திறந்தும் இருப்பதற்கு இதுவே காரணம். நல்லவரைத் தேர்ந்தெடுப்பதில் பாதி, தேர்ந்தெடுத்தவருக்கு டிபன் பந்தியிலேயே இலை போடச் சொல்வது. இதற்கென்று ஒரு சித்தப்பாவை நியமிக்கலாம். எப்படியும் அவருக்கு வேறு பொறுப்பு கொடுத்திருக்க மாட்டார்கள்.

படம் யாருக்குச் சொந்தம்? 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பணம் பெற்றுக்கொண்டு ஒருவர் கேட்டதற்காக எடுத்துக் கொடுத்த படத்தின் முதல் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கேட்டவருக்கே என்கிறது. சட்டம் இயற்றியவர்கள் நம் மண்டபத்தைப் பார்த்ததில்லை போலும். பணம் கொடுத்தவர் பெண்ணின் அப்பா. எடுக்கச் சொன்னவர் மாப்பிள்ளையின் அத்தை. வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே நின்றவர் மணப்பெண். போட்டோகிராபரோ, உங்கள் மகளின் படத்தைத் தன் விளம்பரத்துக்குப் போட்டுக்கொள்ளலாம் என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தின் அடியில் சின்ன எழுத்தில் வைத்திருப்பார். சட்டம் சொல்லும் ‘வேறு ஒப்பந்தம்’ அதுதான். கையெழுத்துக்கு முன் கண்ணாடியைப் போட்டுக்கொள்க.

கல்யாணம் முடிந்து ஒரு மாதத்தில், நீங்கள் வாங்கிக் கொடுத்த ஹார்ட் டிஸ்க்கில் ஐயாயிரம் படம் வரும். “இதுல ஒரு முந்நூறு செலக்ட் பண்ணிக் கொடுங்க சார், ஆல்பம் போட்டுரலாம்.” உலகில் எந்தத் தம்பதியும் இதை ஒரே உட்காரலில் முடித்ததில்லை. அவள் தேர்ந்ததில் அவன் கண் மூடியிருப்பான்; அவன் தேர்ந்ததில் அவள் கன்னம் பெரிதாகத் தெரியும்; இருவரும் நன்றாக இருப்பதில் மாமியார் இல்லை. ஸ்டுடியோக்காரருக்கு இது தெரியும். தாமதத்துக்குக் காரணம் இனி அவர் அல்ல. வளைகாப்பு முன்பணத்தோடு சேர்த்து அவர் மெதுவாக நினைவூட்டுவார்.

அதற்கு முன்பே அரசாங்கம் ஒரு படம் கேட்கும். தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம், 2009இன்படி கல்யாணம் நடந்த 90 நாளுக்குள் பதிவுசெய்ய வேண்டும். விண்ணப்பத்துக்குக் கணவன், மனைவி இருவரின் பாஸ்போர்ட் அளவுப் படமும் தேவை. ஐயாயிரத்தையும் அலசுவார்கள். ஒன்றில் பக்கவாட்டு முகம், ஒன்றில் புகை, ஒன்றில் சூரியன் மறைகிறது, நெற்றி நேராக இருக்கும் ஒரே படத்தில் யாரோ அட்சதை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். இருவரும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே உள்ள சின்ன ஸ்டுடியோவுக்குப் போவார்கள். நீலத்துணி, ஒரு ஸ்டூல், ஒரு குடை விளக்கு. கடைக்காரரே எடுப்பார். “தாடையைக் கொஞ்சம் இறக்குங்க, சிரிக்காதீங்க” என்பார். பத்து நிமிடத்தில் ஆளுக்கு எட்டுப் படம், கத்தரித்து, சின்னக் காகித உறையில் போட்டு, கையில் வந்துவிடும். முன்பணம் கேட்க மாட்டார்.